நஞ்சு மணக்குமா?



டில்லி மாநகரின் மேற்கே ஜனக்புரி என்னும் பெருங் குடியிருப்பு ஒன்று உள்ளது. டில்லி வளர்ச்சி ஆணையம் எழுப்பிய வீடுகள் நிறைந்த அந்தப் பேட்டையில், உத்தியோகத்தை முன்னிட்டு வடக்கே வந்து, பின்னர் ஊர் திரும்ப மனமின்றித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அங்கே நடைபெறுகிறது. நம் ஊரில் மார்கழி என்றால் கோலமும் வெண்பொங்கலும் நினைவுக்கு வரும். ஜனக்புரியில் மார்கழி என்றால் விறைத்த விரல்களும், கம்பளிப் போர்வையும், இறுகச் சாத்திய கதவுகளுமே நினைவுக்கு வரும்.

அத்தகைய ஒரு மார்கழி மாலையில் நண்பர் ஒருவர் இல்லத்தில் பத்துப் பேர் கூடியிருந்தோம். கதவும் சன்னல்களும் சாத்தப்பட்டிருந்தன. அறையின் மூலையில் கணப்புச் சட்டி கனன்றுகொண்டிருந்தது. இல்லத்து அம்மையார் பாதாம் பருப்பை ஊறவைத்து அரைத்து, பாலில் காய்ச்சி, ஆளுக்கு ஒரு குவளை கொடுத்தார். குவளையை முகர்ந்த ஓர் இளைஞர், “சயனைடும் இப்படித்தான் மணக்குமாமே!” என்றார். எல்லோரும் சிரித்தனர், ஆனால் பேச்சு அதை விட்டு நகரவில்லை. துப்பறியும் நாவல்களில் படித்ததாக ஒருவர் கூறினார். கேரளத்துக் கூடத்தாயி வழக்கைப் பற்றிய படத்தில் பார்த்ததாக மற்றொருவர் கூறினார். வயதில் மூத்த பெரியவர் ஒருவர், “நஞ்சுக்கு மணத்தை வைத்ததே ஆண்டவன் செய்த உபகாரம். மூக்கு எச்சரிக்கும், மனிதன் பிழைத்துக்கொள்வான்” என்று முடித்தார்.

மொழிபெயர்ப்பாளர் என்றால் எல்லாச் சொற்களின் பொருளும் தெரிந்தவர் என்று நண்பர்கள் நம்புவது வழக்கம். ஆகவே, இது உண்மைதானா என்று நம்மைக் கேட்டனர். நாமும் தயக்கமின்றி, “உண்மைதான்” என்று சொல்லிவிட்டோம். பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, நாம் சொன்னது பாதிகூட உண்மையன்று என்று தெரிந்தது. அந்த விடையைத் திருத்துவது நம் கடமை. அதைவிட முக்கியமான வேறொரு திருத்தமும் உண்டு. அதை இறுதியில் கூறுவோம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். ஆங்கிலத்தில் இந்த மணத்தைப் பற்றி எழுதியவர்கள் வெறும் வாதுமையைச் சொல்லவில்லை. கசப்பு வாதுமையைச் சொன்னார்கள். தமிழில் வந்து சேர்ந்தபோது கசப்பு என்ற அடைமொழி பலர் வாயில் உதிர்ந்துவிட்டது. அந்த ஒரு சொல் உதிர்ந்ததால் பொருளே மாறிப்போயிற்று. டில்லியின் காரி பாவலிக் கடைகளில் மூட்டை மூட்டையாக விற்கும் பாதாம் இனிப்பு வாதுமை. நாம் அல்வாவிலும் பாலிலும் சேர்ப்பது அதுவே. அதை அரைத்தால் எழும் மென்மையான மணத்திற்கும் சயனைடுக்கும் உறவு இல்லை. நம் ஊர்த் தெருவோரங்களில் நிழல் தரும் நாட்டு வாதுமையோ முற்றிலும் வேறு இனத்து மரம். அதற்கும் இந்தப் பேச்சில் இடமில்லை.

கசப்பு வாதுமையின் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. பருப்பை நசுக்கி நீர் பட்டதும், பருப்பிலேயே உள்ள நொதி ஒன்று அதைச் சிதைக்கிறது. அப்போது சர்க்கரை ஒருபுறம் பிரிய, வேறு இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று பென்சால்டிஹைடு, மற்றொன்று ஹைட்ரஜன் சயனைடு. கசப்பு வாதுமைக்குரிய அந்தக் கூரிய மணத்தைப் பெரும்பாலும் தருவது பென்சால்டிஹைடு. அது சிற்றளவில் தீங்கற்றது. மிட்டாய்களிலும் பிஸ்கோத்துகளிலும் வாதுமைச் சாரம் என்று சேர்க்கப்படுவதும் அதுவே. கொல்லும் நஞ்சு அதனுடன் பிறந்த ஹைட்ரஜன் சயனைடு. இரண்டும் ஒரே பருப்பில் ஒன்றாகப் பிறப்பதால், அண்ணனுடைய மணம் தம்பியின் பெயரில் ஏறிவிட்டது என்று சொல்லலாம்.

அப்படியானால் சயனைடுக்கு மணமே இல்லையா? உண்டு. ஹைட்ரஜன் சயனைடு ஆவிக்கு மெல்லிய மணம் ஒன்று உண்டு. அதை முகர்ந்தவர்கள் பலர் கசப்பு வாதுமையை ஒத்தது என்றே வருணித்திருக்கின்றனர். ஆனால் உலர்ந்த சயனைடு உப்புக்குத் தனக்கென மணம் இல்லை. காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் பட்டு, அதிலிருந்து சிறிது சிறிதாக ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும்போதுதான் மணம் தோன்றும். அந்த மணமும் எல்லோருக்கும் தெரிவதில்லை. நம்பிக்கை முறிவது இங்கேதான்.

1953-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கிர்க், ஸ்டென்ஹவுஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சயனைடு கரைசலையும் வெறும் நீரையும் முகரச் செய்து, வேறுபாடு தெரிகிறதா என்று பலரிடம் கேட்டார்கள். ஆடவரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கும், பெண்டிரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும் எந்த மணமும் தெரியவில்லை. அவர்களுடைய மூக்கில் நோய் ஏதும் இல்லை. இந்த ஒரு மணத்துக்கு மட்டும் அவர்கள் குருடர்கள். நிறக் குருடு போல இதுவும் பரம்பரையாக வருவது என்று அப்போது கருதப்பட்டது. ஆயினும் 1967-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அத்தனை எளிய பரம்பரை விதி எதுவும் காணப்படவில்லை என்று தெரிவித்தது. மருத்துவ நூல்களில் 20 முதல் 40 விழுக்காடு மக்களுக்கு இந்த மணம் தெரிவதில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், அன்று ஜனக்புரியில் கூடியிருந்த பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ, ஒருவேளை நால்வரோ, சயனைடின் அருகில் நின்றாலும் ஒன்றும் அறியமாட்டார்கள். மணம் தெரிந்தவர்களும் கசப்பு வாதுமையை வாழ்நாளில் முகர்ந்திராதவர்கள். தெரியாத ஒன்றை எப்படி அடையாளம் காண்பது?

கூடத்தாயி வழக்கையும் இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த அந்த ஊரில், 2002 முதல் 2016 வரை, உறவினர்களான ஆறு பேர் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 2011-இல் இறந்தவருடைய உடல் மட்டும் பிரேதப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டது. அதில் சயனைடு கண்டறியப்பட்டது. ஏனைய மரணங்களைப் பற்றிய ஐயம் 2019-இல்தான் வலுப்பெற்று, கல்லறைகள் திறக்கப்பட்டன. குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்றே: அந்த ஒரு மரணத்தின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது மருத்துவர் கத்தியும் ரசாயனக் கூடமும். பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களுங்கூட மணம் இல்லை என்பதை வைத்துச் சயனைடு இல்லை என்று முடிவு செய்வதில்லை. உள்ளுறுப்புகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி விடை பெறுகிறார்கள்.

வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்குச் சயனைடு என்ற சொல் கதைப் புத்தகத்தில் மட்டும் கண்ட சொல்லன்று. மைசூர்ச் சீமையின் கோலார் தங்கவயலுக்கு, வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் சென்று உழைத்தார்கள். தாதுவை மாவாக இடித்து, சயனைடுக் கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரிக்கும் முறை 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. கோலாரிலும் அம்முறையே கையாளப்பட்டது. தங்கம் போக எஞ்சிய கசடு மலை மலையாகக் குவிந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் அந்த மேடுகள் நிற்கின்றன. சயனைடு மேடு என்றே அவற்றுக்குப் பெயர். காற்று வீசும் காலத்தில் அங்கிருந்து பறந்துவரும் தூசியே அவ்வூர் மக்களின் முறையீடு. அந்தத் தூசியின் கெடுதலை மணத்தால் அளக்க முடியாது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், நம் கிராமத்து மக்கள் சயனைடு என்ற பெயரை அறியாமலே அந்த நஞ்சோடு பழகியிருக்கிறார்கள். சேலத்தில் ஜவ்வரிசியாகவும் குமரி மாவட்டத்தில் அன்றாட உணவாகவும் விளங்கும் மரவள்ளிக் கிழங்கில், சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடைத் தரும் பொருள் உண்டு. தோலை உரித்து, துண்டு போட்டு, நிறைய நீர் விட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடும் பழக்கம் வீண் பழக்கமன்று. அதுபோலவே இளஞ் சோளப் பயிரிலும், மழையின்றி வாடிய சோளத்திலும் அதே நஞ்சு மிகுந்திருக்கும். அதை மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் விழுந்து இறப்பதுண்டு. ஆகவே உழவர்கள் கதிர் வாங்காத சோளத்தில் மாட்டை விடமாட்டார்கள். இந்த இரண்டிலும் யாரும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பருவத்தையும் பக்குவத்தையும் விதியாக வைத்து, அந்த விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூக்கை நம்புவதில் உள்ள கேடு சயனைடோடு நிற்பதில்லை. சாக்கடைக் குழிகளில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை போல் நாறும். அதன் நாற்றம் மிகச் சிற்றளவிலேயே தெரியும். ஆனால் அளவு மிகுந்ததும் அந்த வாயு மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் மறைகிறது; ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி உள்ளே இறங்கும் மனிதன் மடிகிறான். டில்லியின் மோதி நகரில் 2018 செப்டம்பரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய ஐந்து தொழிலாளர் நச்சு வாயுவால் இறந்தனர். 1984 டிசம்பரில் போபாலைச் சூறையாடிய மெதில் ஐசோசயனேட்டோ, மணம் தெரியாத அளவிலேயே கண்ணையும் தொண்டையையும் எரிக்கத் தொடங்கிவிடும். ஒன்றில் மூக்கு மயங்குகிறது. மற்றொன்றில் மூக்கு பிந்துகிறது.

மணமே இல்லாத நஞ்சும் ஒன்று உண்டு. நிறமும் சுவையும்கூட அதற்கு இல்லை. அதுவே கார்பன் மோனாக்சைடு. விறகோ கரியோ சமையல் வாயுவோ போதிய காற்றின்றி எரியும்போது இது உண்டாகிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைப் போல் 200 மடங்குக்கு மேலான ஆவலோடு இதைப் பற்றிக்கொள்கிறது. உடலுக்குப் பிராணவாயு கிட்டாமற் போகிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் தளர்ச்சி ஆகியவை முதல் அறிகுறிகள். ஜலதோஷம் என்றும், உண்டது செரிக்கவில்லை என்றும் இவற்றை மக்கள் எண்ணிக்கொள்கிறார்கள். பிறகு உறக்கம் வருகிறது. விழிப்பு வருவதில்லை.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் காக்க முனைந்த ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஹால்டேன், 1890-களில் இதற்கு ஒரு வழி சொன்னார். மனிதனுக்கு முன்பே தளர்ந்து விழும் சிறு பறவையைக் கூண்டில் வைத்து உடன் கொண்டு செல்லுங்கள் என்பது அவர் யோசனை. பிரிட்டிஷ் சுரங்கங்களில் கானரிக் குருவிகள் இவ்வாறு 1986 வரை காவல் புரிந்தன. நல்ல மூக்குள்ள தொழிலாளியைத் தேடாமல் அவர் குருவியைத் தேடினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது ஜனக்புரிக்குத் திரும்புவோம். வட நாட்டார் அங்கீட்டி என்று அழைக்கும் கணப்புச் சட்டியை நாம் இங்கே வந்தபின் கற்றுக்கொண்டோம். அதை மூட்டும் முறை இது: வாசலில் வைத்துக் கரியைப் பற்றவைப்பார்கள், புகை அடங்கும்வரை காத்திருப்பார்கள், கரி செக்கச் செவேலென்று கனன்றதும், “இனிப் புகை இல்லை, வாசனை இல்லை, பயமில்லை” என்று உள்ளே எடுத்து வருவார்கள். இதுதான் நாம் ஆராய வேண்டிய நம்பிக்கை. புகை அடங்கிய கரியே கார்பன் மோனாக்சைடைத் தொடர்ந்து வெளியிடுகிறது. புகை இருந்தவரையில் கண் எரிந்து, இருமல் வந்து, நாம் கதவைத் திறந்திருப்போம். புகை போனதும் அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது. அருகில் ஒரு பாத்திரத்தில் நீர் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதும் பயனற்றது. இந்த வாயு நீரில் கரைவது மிகச் சொற்பம்.

அன்று மாலை, மணமுள்ள நஞ்சைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த நமக்கு, மணமற்ற நஞ்சு அதே அறையின் மூலையில் கனன்றுகொண்டிருந்தது தோன்றவேயில்லை. சன்னலின் சிறு இடுக்கையும் பழைய செய்தித்தாளால் அடைத்தது நம்முடைய கைதான். இல்லத்து அம்மையார் தலையை வலிக்கிறது என்றார், பெரியவர் கண்ணயர்ந்தார், அலைச்சலால் வந்த களைப்பு என்று எல்லோரும் எண்ணினோம். அப்போது கிண்ணம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்த அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார், வாசற்படியில் நின்றபடியே, “கதவை அடைத்துக்கொண்டா அங்கீட்டி வைப்பது, பாயி சாகிப்!” என்று கூவி, கதவையும் சன்னல்களையும் அகலத் திறந்துவிட்டார், இரு இளைஞர்களை ஏவிச் சட்டியை வெளியே கொண்டுபோகச் செய்தார். குளிர்காற்றில் அரை நாழிகை நின்றபின் தலைவலி தணிந்தது. பெரியவரை மட்டும் மருத்துவரிடம் காட்டினோம், நலமுடன் திரும்பினார். அந்த அம்மையார் எந்த மணத்தையும் முகரவில்லை. மூடிய அறையில் கனல் கூடாது என்ற விதியை அவர் அறிந்திருந்தார்.

எல்லோருக்கும் இந்த நல்வாய்ப்புக் கிட்டுவதில்லை. 2024 ஜனவரியில் டில்லியின் வடக்கெல்லையில், அலிப்பூரை அடுத்த கேடா கலானில், அங்கீட்டி வைத்து உறங்கிய ஒரே குடும்பத்தினர் நால்வர் உயிரிழந்தனர்; அவர்களுள் இருவர் குழந்தைகள். அதே சமயத்தில் மேற்கு டில்லி இந்தர்புரியிலும் இருவர் அவ்வாறே இறந்தனர்.

“நாற்றம் வந்தால் விழித்துக்கொள்வோம்” என்றும் சிலர் கூறுகின்றனர். 2004-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உறங்குவோரின் மூக்கருகே கடும் நாற்றத்தைச் செலுத்திப் பார்த்தனர். ஆழ்ந்து உறங்கியவர்களை அந்த நாற்றம் எழுப்பவில்லை. உறங்கும்போது காது ஓரளவு விழித்திருக்கிறது, மூக்கு உறங்கிவிடுகிறது.

நாம் மூக்கை நம்பும்படி மனிதனே ஏற்பாடு செய்த இடம் ஒன்று உண்டு. சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. 1937 மார்ச் 18-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில், கசிந்த வாயு எவருக்கும் தெரியாமல் திரண்டு வெடித்து, ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். அதன்பின், மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளை வாயுவில் சேர்ப்பது கட்டாயமாயிற்று. நம் சமையலறையில் சிலிண்டர் கசியும்போது வரும் நாற்றம் அவ்வாறு கலந்ததே. ஆனால் வாயு எரிந்தபின் அந்த நாற்றமும் எரிந்துவிடுகிறது. ஆகவே மூடிய குளியலறையில் காஸ் கீசர் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடை மெர்காப்டன் காட்டிக்கொடுக்காது. முதுமையாலும் கொரோனா நோயாலும் மோப்ப சக்தி குன்றியவர்களுக்குச் சிலிண்டரின் நாற்றமும் தெரியாமற் போகலாம்.

ஆகவே நேயர்களே, சில விதிகளை மனத்திற்கொள்வோம். கணப்புச் சட்டியைப் படுக்கையறையில் வைக்க வேண்டாம். வைத்தே தீர வேண்டுமானால் சன்னலைத் திறந்து வைப்போம், உறங்குமுன் சட்டியை வெளியேற்றுவோம். காஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துவோம். வசதியுள்ளவர்கள் கார்பன் மோனாக்சைடைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியை வாங்கி மாட்டலாம். ஓர் அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், மாத்திரை தேடாமல் கதவைத் திறந்து வெளியேறுவோம். மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 112 எண்ணை அழைப்போம். கொரோனாக் காலத்தில் பலர் வாங்கி வைத்த விரல்மாட்டி ஆக்ஸிமீட்டரை இதில் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தம் என்றே பெரும்பாலும் காட்டும்.

பாதாம் பாலை அச்சமின்றிப் பருகலாம். அதன் மணத்தில் நஞ்சைத் தேட வேண்டியதில்லை. இந்தக் குளிர்காலத்தில் கணப்பு மூட்டும் அன்பர்கள், முகர்ந்து பார்ப்பதை விட்டுச் சன்னலைத் திறந்து வைத்தால், அன்று நாம் ஜனக்புரியில் தவறாகச் சொன்ன விடைக்கு ஓரளவு பிராயச்சித்தம் செய்தவர்கள் ஆவோம்.